தம்பி மகளின் படமும் தாத்தா சொல்லும் பழைய சட்டமும்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 54. என் தம்பி மகளுக்கு 22 வயது, காலேஜில் படிக்கிறாள். ஒரு பையனோடு பழகி, ஒத்துவராமல் விலகிவிட்டாள். அந்தக் கோபத்தில் அவன் அவளுடைய அந்தரங்கப் படம் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அது கைமாறிக் கைமாறி எங்கள் கோவில் ஆட்கள் வரை வந்துவிட்டது. என் அப்பாவுக்கு 83 வயது. மோபேனியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “அந்தக் காலத்தில் சட்டம் என்று ஒன்று இருந்தது. கெட்ட புத்தகம் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவான். மண்டேலா வந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கேடு. போலீசுக்குப் போனால் படம் எடுத்ததற்கு இவளைத்தான் உள்ளே வைப்பான்” என்கிறார். தம்பி அதை நம்பி மகளின் ஃபோனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அப்பா சொல்வது உண்மையா? சட்டம் இதையெல்லாம் கைவிட்டுவிட்டதா? நாங்கள் என்ன செய்யலாம்?

அன்புள்ள அக்கா,

முதலில் உங்களுக்கு அவசரமாக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போலீசுக்குப் போகலாம், போங்கள். உங்கள் தம்பி மகளை யாரும் உள்ளே வைக்க முடியாது. வயது வந்த ஒரு பெண் தன்னைப் படம் எடுத்துக்கொள்வதும், நம்பிய ஒருவனுக்கு அதை அனுப்புவதும் இந்த நாட்டில் இன்று குற்றம் இல்லை. அவளைக் கேட்காமல் அதை ஊருக்குப் பரப்பியது குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையே உண்டு. தம்பியிடம் பேசி இன்றைக்கே அந்த ஃபோனை அவள் கையில் கொடுக்க வையுங்கள். அந்தப் பையன் அனுப்பிய செய்திகள், மிரட்டல்கள், விலகிய பிறகு கெஞ்சியது, திட்டியது எல்லாமே அதில்தான் இருக்கும். தம்பி பூட்டி வைத்திருப்பது மகளுக்கான ஆதாரத்தை.

எப்படிப் போவது, யாரிடம் என்ன சொல்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் சொல்வதை என் அலுவலகத்துக்கு வரும் பெரியவர்கள் பலர் வாயிலும் கேட்கிறேன். படித்த பிள்ளைகளும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அது மனதில் இருக்கும் வரை எந்தக் குடும்பமும் தைரியமாகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாது.

அப்பா சொல்லும் சட்டம் இருந்தது. 1967-ல் ஆபாசப் புகைப்படங்களுக்கு என்றே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். விற்க வேண்டாம், அச்சடிக்க வேண்டாம், அப்படி ஒரு படம் உங்கள் வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தாலே போதும். ஆயிரம் ராண்ட் வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்றைக்கு ஆயிரம் ராண்ட் என்றால் நம் ஆட்கள் எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்பது அப்பாவுக்கே தெரியும்.

அந்தச் சட்டத்தில் எதெல்லாம் ஆபாசம் என்று ஒரு பட்டியல் உண்டு. நான் மாணவனாக இருந்தபோது அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உடலுறவு, காமம், ஓரினச்சேர்க்கை, சுயஇன்பம், பாலியல் தாக்குதல், வன்புணர்வு, மிருகங்களோடு உறவு என்று ஒரே மூச்சில் காற்புள்ளி போட்டுக்கொண்டே போகும். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படமும், ஒரு பெண்ணை நாசம் செய்யும் படமும் அந்த வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தண்டனை இரண்டுக்கும் ஒன்றே. படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா, அடித்து மிரட்டி எடுத்தார்களா என்று அந்தச் சட்டம் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. பார்க்கிறவன் மனம் கெட்டுவிடுமே என்பதுதான் அதன் கவலையெல்லாம். அப்பா ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கும் சட்டம் இதுதான். இன்றைக்கு அது உயிரோடு இருந்திருந்தால் உங்கள் தம்பி மகளுக்கு அதில் ஒரு வரிகூட உதவி கிடைத்திருக்காது. அவள் ஃபோனில் அந்தப் படம் இருந்ததற்காக அவள் மேலேயே வழக்குப் போட்டிருக்கலாம். அப்பாவுடைய பயம் அந்தக் காலத்துக்கு நியாயமானதுதான்.

1974-ல் வெளியீட்டுச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. தணிக்கை என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது பெரும்பாலும் இதுதான். அதன் முதல் பிரிவைக் கோவில் கமிட்டி ஆட்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்க மக்கள் கிறிஸ்தவ வாழ்க்கை நோக்கைக் காப்பாற்ற எப்போதும் முயல்கிறார்கள், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்போது அதை மனதில் வைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும், காவடி எடுக்கிறவர்களும், புரட்டாசியில் விரதம் இருக்கிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே அந்த வரிக்குத் தெரியாது. எது அசிங்கம், எது இல்லை என்று நம் வீட்டுக்கும் சேர்த்து முடிவு செய்தவர்கள் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை. நமக்கு அன்றைக்கு ஓட்டே கிடையாது. அவர்கள் முடிவு பிடிக்கவில்லை என்றால் அவர்களே அமைத்த மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். சாதாரண நீதிமன்றத்துக்கு அப்பீல் போகும் வழியை அந்தச் சட்டம் அடைத்துவிட்டது.

வாராவாரம் அரசிதழில் தடைப் பட்டியல் வரும். நூலகங்களும் புத்தகக் கடைகளும் ஜேக்கப்சன் பட்டியல் என்று ஒரு தொகுப்பை வாங்கி வைத்து, புதிதாகத் தடையானவற்றை அதில் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரே பட்டியலில் அமெரிக்காவின் நிர்வாணப் பத்திரிகையும் இருக்கும், விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய புத்தகமும் இருக்கும். ஏனென்றால் அந்தச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில் ஆபாசமும் அரசின் பாதுகாப்பும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. ஒழுக்கத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக் கையில் எடுத்த அதே கத்தரியால்தான் நம் பிள்ளைகள் என்ன படிக்கலாம், என்ன சிந்திக்கலாம் என்பதையும் வெட்டினார்கள். அப்பா காலத்தில் வாழ்ந்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தரங்கப் படம் என்று பேச்சு வரும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறார்கள்.

பயஸ்கோப்பும் அப்படித்தான். 1931-லேயே சினிமாத் தணிக்கைக்குச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளையரும் மற்றவரும் கலந்து பழகுவதைக் காட்டும் காட்சியே ஆட்சேபத்துக்குரியது என்று அதில் இருந்தது. ஒரே படத்தை வெள்ளையர் பார்க்கலாம், ஆப்பிரிக்கர் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு அனுமதித்ததும் உண்டு. ஒழுக்கம் தோலின் நிறத்தைப் பார்த்து மாறுமா? வெள்ளையரும் மற்றவரும் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டத்தின் பேரில் போலீஸ் படுக்கையறைக் கதவைத் தட்டி, மெத்தையைத் தொட்டுப் பார்த்த நாடு இது. அந்தத் தடை 1985-ல்தான் போனது. டெலிவிஷன்கூட 1976 ஜனவரியில்தான் நாடு முழுக்க வந்தது. அது சாத்தானின் பெட்டி என்று சொல்லி வருடக்கணக்கில் தடுத்து வைத்தவர் ஆல்பர்ட் ஹெர்ட்சோக் என்ற மந்திரி.

உங்கள் அப்பா மோபேனி அச்சகத்தில் இருந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மோபேனியிலிருந்துதான் ‘ஸ்கோப்’ பத்திரிகை வந்தது. அப்பாவுக்கு நன்றாகவே நினைவிருக்கும். பெண்களின் படங்களைப் போட்டு, தடைக்குத் தப்புவதற்காக மார்பு நுனியில் நட்சத்திரம் ஒட்டி அச்சடிப்பார்கள். டீரூம் கவுண்டரிலும் முடிவெட்டும் கடையிலும் அது கிடக்கும். பேப்பர் வாங்கப் போன ஆண்கள் நின்று புரட்டிவிட்டு வருவார்கள். நட்சத்திரத்தைச் சுரண்டிப் பார்த்தவர்கள் உண்டு. நட்சத்திரம் இருந்தால் ஒழுக்கம், இல்லாவிட்டால் ஆபாசம். அந்தக் கணக்குத் தீர்ந்ததும் தணிக்கைக்காரர்களின் வேலை முடிந்தது. அந்தப் பெண் யார், என்ன சொல்லி அவளைப் படம் எடுத்தார்கள், அவள் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்று கேட்க அன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லை, எந்த வாசகரும் இல்லை.

இதிலிருந்துதான் நம் சமூகம் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். பார்த்த ஆண் மேல் ஒட்டாத வெட்கம் முழுவதும் படத்தில் இருந்த பெண் மேல் போய் உட்கார்ந்தது. எண்பதுகளில் வீடியோ வந்தபோதும் இதே கதைதான். தமிழ்ப் படக் கேசட்டுக்குக் கீழே வேறு கேசட்டும் பழுப்புப் பையில் கைமாறியது. கல்யாண வீட்டுக்குப் பின்னால் துன்னி என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த ஆண்களுக்குள் அது சிரிப்பாகவே போனது. அவர்களில் எத்தனை பேர் இன்று கோவிலில் முன்வரிசையில் இருக்கிறார்கள்! அவர்களை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. ஒதுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 22 வயதுப் பெண் ஒருத்தி, தான் நம்பியவனுக்கு மட்டும் என்று அனுப்பிய ஒரு படத்துக்காகச் சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கிறாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, பிறகு என்ன மாறியது?

1994-ல் புது அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. தனிமைக்கான உரிமையும் கருத்துச் சுதந்திரமும் அதில் எழுத்தாக வந்தன. 1996 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த 1967 சட்டத்தின் வைத்திருந்தாலே குற்றம் என்ற பிரிவை ரத்து செய்தது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இவோன் மொக்கோரோ. வலை மிக அகலமாக விரிக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தீங்கும் செய்யாதவற்றையும் அது வாரிக்கொண்டு போகிறது என்பது அவர் கருத்தின் சாரம். நம் டர்பனில் நெடுங்காலம் நீதிபதியாக இருந்த ஜான் டிட்காட் தனியாகச் சில பத்திகள் எழுதினார். என் வீட்டுக்குள் எனக்காக மட்டும் நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்பது என் விஷயம், சமூகத்துக்கோ அரசுக்கோ அதில் வேலை இல்லை என்பது அவர் வாதம். இந்தத் தீர்ப்பைத்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.

திறந்துவிடவில்லை அக்கா. வேலியை வேறு இடத்தில் நட்டார்கள். அதே 1996-ல் திரைப்படம் மற்றும் வெளியீட்டுச் சட்டம் வந்தது. தணிக்கை வாரியம் போய் வகைப்படுத்தும் வாரியம் வந்தது. பெரியவர்கள் எதைப் பார்க்கலாம் என்று தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இது எந்த வயதுக்கு, இதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டது. வெளிப்படையான பாலியல் படங்களுக்கு எக்ஸ் 18 என்று முத்திரை. உரிமம் பெற்ற கடையில் மட்டும், 18 வயது நிரம்பியவருக்கு மட்டும். குழந்தைகளை வைத்து எடுத்தது எதுவானாலும் முழுத் தடை, வீட்டுக்குள் வைத்திருந்தாலும் குற்றம். தனிமை உரிமை என்ற வாதம் அங்கே செல்லாது என்று 2003-ல் அரசியல் சாசன நீதிமன்றமே உறுதி செய்தது. 2007-ல் வந்த பாலியல் குற்றச் சட்டப்படி, ஒரு குழந்தைக்கு ஆபாசப் படத்தைக் காட்டுவதே தனிக் குற்றம்.

இதெல்லாம் அமைதியாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரவு நேரத்தில் வயது வந்தோருக்கான சேனல்கள் கேட்டு டாப் டிவி என்ற கட்டண டிவி நிறுவனம் விண்ணப்பித்தபோது, ஒளிபரப்பு ஆணையம் 2012-ல் மறுத்து, 2013-ல் நேரக் கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. மத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் இருந்தவர்களின் கவலை எல்லாமே பழைய காலத்துப் பூச்சாண்டி என்று நான் தள்ள மாட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் எந்தத் தாய்க்கும் அந்தக் கவலை வரும்.

புது வாரியமும் தடுமாறியிருக்கிறது. 2013 ஜூலையில் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவின் தொடக்கப் படத்துக்கு அது அனுமதி மறுத்தது. கதையில் வரும் பெண்ணுக்கு 16 வயது என்பதால், குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் என்ற வரையறைக்குள் அது வந்துவிட்டது என்றார்கள். நடித்தவர் வயது வந்த பெண். பள்ளி மாணவியைச் சுரண்டும் ஆசிரியரின் கொடுமையைக் காட்டத்தான் படமே எடுக்கப்பட்டிருந்தது. தொடக்க இரவில் படத்துக்குப் பதிலாகத் திரையில் தடை அறிவிப்பு மட்டும் வந்தது. சில நாட்களிலேயே மேல்முறையீட்டில் முடிவு மாறி, விழா முடிவதற்குள் படம் காட்டப்பட்டது. தவறு நடந்தது, மேல்முறையீடு செய்ய முடிந்தது, திருத்த முடிந்தது. 1974 சட்டத்தில் ஒரு படைப்பாளிக்கு இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு நியாயம் கிடைப்பது அபூர்வம்.

உங்கள் வீட்டுக்கு நேரடியாக வேண்டியது கடைசியாக வந்த மாற்றங்கள்தான். இவற்றை அப்பாவுக்கும் தம்பிக்கும் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

சைபர் குற்றச் சட்டம், 2020-ன் 19-ஆம் எண் சட்டம். 2021 டிசம்பர் 1 முதல் இதன் பெரும்பகுதி நடைமுறையில் இருக்கிறது. இதன் 16-ஆம் பிரிவுப்படி, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் மின்னணு வழியில் அனுப்புவதோ காட்டுவதோ குற்றம். மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம். கம்ப்யூட்டரில் போலியாகச் செய்து ஒட்டிய படமும் இதில் அடங்கும். இன்னொன்று, திருத்தப்பட்ட திரைப்படம் மற்றும் வெளியீட்டுச் சட்டத்தின் 18எஃப் பிரிவு. 2022 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தீங்கு செய்யும் எண்ணத்தோடு ஒருவரின் அந்தரங்கப் படத்தை வெளியிட்டால் ஒன்றரை லட்சம் ராண்ட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். யார் என்று அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் மூன்று லட்சம் ராண்டும் நான்கு வருடமுமாக அது உயர்கிறது.

நம் ஆட்கள் முதலில் கேட்கும் “அவள் ஏன் எடுத்தாள்?” என்ற கேள்விக்கு இந்தச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. படம் எடுக்கும்போது அவள் சம்மதித்திருந்தாலும், அதை வெளியிட்டவன் குற்றவாளிதான் என்று 18எஃப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எடுப்பதற்குக் கொடுத்த சம்மதம் வேறு, பரப்புவதற்குக் கொடுக்கும் சம்மதம் வேறு. 1967-ல் எங்குமே இல்லாத அந்தக் கேள்வி இன்று சட்டத்தின் நடுவில் நிற்கிறது: படத்தில் இருப்பவர் சரி என்றாரா, இல்லையா? சட்டம் கைவிட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். இந்த நாட்டில் சட்டம் உங்கள் தம்பி மகள் பக்கம் வந்து நின்றதே இப்போதுதான்.

கோவில் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “நான் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்” என்று யாராவது சொன்னால், 16-ஆம் பிரிவில் அந்தச் சாக்குக்கு இடம் இல்லை. தெரிந்தே ஃபார்வர்ட் செய்த ஒவ்வொருவரும் அதற்குள் வரலாம். “ஐயோ பாவம், இதைப் பாருங்கள்” என்று இரக்கத்தோடு அனுப்பிய அத்தையும் சேர்த்துத்தான். கோவில் தலைவரிடம் போய், படம் வைத்திருப்பவர்கள் இனி யாருக்கும் அனுப்பக் கூடாது, அனுப்பினால் வழக்கு வரும் என்று எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்கள். அவளைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு கூட்டம் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இனி நடைமுறை. படம் எந்தக் குழுவில், எந்த எண்ணிலிருந்து, என்ன தேதி, என்ன நேரம் வந்தது என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் வேண்டும். அவனோடு நடந்த பழைய உரையாடல் எதையும் அவள் அழிக்கக் கூடாது. கோபத்தில் அவனுக்குப் பதில் எழுதவும் வேண்டாம். தம்பியையும் அவன் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அண்ணனும் போய்க் கைவைத்துவிட்டு, கடைசியில் அவர்கள் மேலேயே தாக்குதல் வழக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. அவளோடு நீங்கள் போங்கள். ஒரு பெண் அதிகாரியிடம், தனி அறையில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். வாக்குமூலத்தில் 16-ஆம் பிரிவையும் 18எஃப் பிரிவையும் பெயர் சொல்லி எழுதச் செய்யுங்கள். இந்தச் சட்டங்கள் புதியவை, கவுண்டரில் இருப்பவருக்கு நினைவு இல்லாமல் போகலாம். “இது காதலர்களுக்குள் நடந்த விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேஸ் நம்பர் கையில் வராமல் வெளியே வராதீர்கள்.

அடுத்து மாஜிஸ்திரேட் கோர்ட். குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உள்ளது என்று பலர் நினைக்கிறார்கள். காதலித்துப் பழகியவர்களுக்கும் அது பொருந்தும். சாட்ஸ்வர்த் கோர்ட்டிலேயே பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை, எழுத்தர் படிவம் கொடுப்பார். இனி அவளைத் தொடர்பு கொள்ளக் கூடாது, எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு அவன் மீறினால் கைது செய்யலாம். கிரிமினல் வழக்கு நகர மாதக்கணக்கில் ஆகும். இந்த உத்தரவு அதற்கு முன்னாலேயே கைக்கு வரும் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். சட்ட ஆலோசனை வேண்டுமானால் லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களுக்கு அது போகாமல் தடுக்க ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவள் ஃபோனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகும், அந்தக் குறியீடு மட்டும் நிறுவனங்களுக்குப் போகும், அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் அவர்களால் கண்டுபிடித்துத் தடுக்க முடியும். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்த பிரதிகளை இது திரும்பக் கொண்டுவராது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொய்யான ஆறுதல் சொன்னால் அடுத்த முறை யாராவது அந்தப் படத்தைப் பார்த்ததாகச் சொல்லும்போது அவள் இன்னும் உடைந்துபோவாள்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை. இரவில் அவளைத் தனியாக விடாதீர்கள். சாவைப் பற்றி ஏதாவது பேசினால், அல்லது நீங்கள் சந்தேகப்பட்டாலே, 0800 567 567 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கான இலவச உதவி எண் அது. அவளிடம் நேரடியாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் பேத்தியை வெறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த போலீஸ் அப்படிப்பட்டது, அவருக்குத் தெரிந்த சட்டம் அப்படிப்பட்டது. முடிந்தால் இந்தப் பதிலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். பேத்தியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரும் வரச் சம்மதித்தால் அழைத்துப் போங்கள். 83 வயதுத் தாத்தா பக்கத்தில் இருக்கும்போது, “ஏம்மா இப்படிச் செய்தாய்?” என்று கேட்கும் துணிச்சல் பலருக்கு வராது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. உங்களுக்கும் யாராவது அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், அந்தச் செய்தி உங்கள் ஃபோனிலும் இருக்கும். அதை அழிக்காதீர்கள், எனக்கோ வேறு வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். ஃபோனை எடுத்துக்கொண்டு போய் விசாரணை அதிகாரியிடம் நேரில் காட்டுங்கள். அவர் அதைப் பதிவு செய்துகொண்டதும், எந்த எண்ணிலிருந்து எப்போது வந்தது என்பதை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.